வேலூரிலிருந்து வெளிநாட்டு ரக்பி கிளப் வரை: விசா, கிளியரன்ஸ், செலவு, தேதி

காட்பாடி கல்லூரியில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) ஆடிவிட்டு மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர்கள், நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறவர்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனி அனுபவத்தோடு வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள். போகும் ஊரில் ஒரு கிளப்பில் சேர்ந்து ஆட வேண்டும் என்று ஆசைப்படும் எல்லோருக்கும் இது.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெச்சூர் கிளப், அதாவது பணம் வாங்காமல் ஆடுகிறவர்களின் கிளப், உங்களுக்கு விசா தராது. விசா உங்கள் படிப்பாலோ வேலையாலோ வயதாலோ வர வேண்டும். ரக்பி அதன் மேல் வைத்துக்கொள்வது. "பிளேயர் விசா வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு" என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

1. எந்த விசாவில் போகிறீர்கள்?

இங்கிலாந்துக்கு மாணவர் விசா, வேலை விசா இரண்டிலும் அமெச்சூராக ஆடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஓரளவுதான் சரி. அடுத்த தலைப்பைப் படிக்காமல் முடிவு செய்யாதீர்கள். இந்தியர்களுக்கென்றே உள்ள யங் புரொஃபஷனல்ஸ் திட்டம் இன்னொரு வழி. வயது 18 முதல் 30, ஒரு பட்டம், கையில் 2,530 பவுண்டு (சுமார் 3 லட்சம் ரூபாய்). ஆண்டுக்கு 3,000 இடங்கள், குலுக்கல் முறை. குலுக்கலில் பெயர் கொடுக்கப் பணம் கிடையாது. தேர்வானால் விசாக் கட்டணம் 300 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அத்தோடு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் இரண்டு ஆண்டுக்கான மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அது மட்டுமே 1.75 லட்சம் ரூபாயைத் தாண்டும். ஹெல்த் அண்ட் கேர் விசாவில் போகும் நர்ஸ்களுக்கு இந்த மருத்துவக் கட்டணம் இல்லை.

பலர் வழுக்கும் இடம் அந்த 2,530 பவுண்டு. அது உங்கள் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். மாமாவிடம் வாங்கிப் போட்டுவிட்டு 20-ஆம் நாள் இரண்டாயிரம் ரூபாய் எடுத்து, மீதி அந்த அளவுக்குக் கீழே ஒரே ஒரு நாள் இறங்கினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. பவுண்டின் விலை ஏறினாலும் இதே கதைதான். அதனால் 20,000 ரூபாயாவது கூடுதலாக வைத்திருங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு 462 எண்ணுள்ள வேலை–விடுமுறை விசா. இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம், வயது 18 முதல் 30. இதற்கும் குலுக்கல்தான், பதிவுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர். பெயர் வந்தால் 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் வந்த பிறகு சர்டிஃபிகேட் தேடினால் நேரம் போதாது. குறைந்தது இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்புக்கான சான்றும் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் முன்பே கையில் இருக்கட்டும்.

வளைகுடாவில் கதை எளிது. வேலை விசாவில் இருப்பவர் வேலை நேரத்துக்கு வெளியே கிளப்பில் சேரலாம். துபாய் எக்ஸைல்ஸ், ஜெபல் அலி டிராகன்ஸ், அபுதாபி ஹார்லெக்வின்ஸ், பஹ்ரைன், தோஹா, மஸ்கட் என்று பழைய கிளப்புகள் இருக்கின்றன. அங்கே தடையாக வருவது பயணமும் ஷிஃப்டும்தான். துபாயின் 'தி செவன்ஸ்' மைதானம் ஊருக்கு வெளியே அல் ஐன் சாலையில் இருக்கிறது. இரவுப் பயிற்சி முடிந்து கம்பெனி கேம்ப்புக்குத் திரும்ப யாருடைய காராவது வேண்டும். கிளப்புக்கு எழுதும்போது நீங்கள் தங்கும் பகுதியின் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

2. 'ஸ்டேட் பிளேயர்' சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா? நின்று படியுங்கள்

நம் ஊர் பிள்ளைகள் அதிகம் சிக்கும் பொறி இது. இங்கிலாந்தின் குடியேற்ற விதியில் 'தொழில்முறை விளையாட்டு வீரர்' என்பதன் விளக்கம் மிக அகலமானது. சம்பளம் வாங்குகிறவர் மட்டும் அதில் வருவதில்லை. கடந்த இரண்டு ஆண்டுக்குள் நாட்டு அணிக்கோ மாநில அணிக்கோ ஆடியவரும் அதற்குள் வந்துவிடலாம். 17 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. தமிழ்நாடு ஜூனியர் அணிக்காகப் போன வருடம் நேஷனல்ஸ் ஆடினவர், ஒரு ரூபாய்கூட வாங்காதவர், அந்த ஊர் சட்டத்தின் கண்ணில் தொழில்முறை வீரராகத் தெரியக்கூடும். மாணவர் விசாவிலும் யங் புரொஃபஷனல்ஸ் விசாவிலும் தொழில்முறை வீரராக இருப்பதற்குத் தடை உண்டு.

அதனால் செய்ய வேண்டியது: மாநில அணிக்குக் கடைசியாக ஆடிய மாதத்தை எழுதி வைத்து இரண்டு ஆண்டை எண்ணுங்கள். பட்டப்படிப்போ அதற்கு மேலோ படிக்கிறவர் அமெச்சூராக ஆடுவதற்கு விதியில் தனி இடம் இருக்கிறது. ஆனாலும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் விசா அலுவலகத்தில் உங்கள் முழு விவரத்தையும் சொல்லி மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

சான்றிதழை மறைத்துவிடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். விசா விண்ணப்பத்தில் ஏமாற்றினால் 10 ஆண்டுத் தடை வரும். ரக்பி போனால் ஒரு சீசன் போகும். விசா போனால் படிப்பும் வேலையும் சேர்ந்து போகும்.

கிளப்பின் அன்பிலும் இதே ஆபத்து இருக்கிறது. "தங்க இடம் இலவசம், டிக்கெட் நாங்கள் போடுகிறோம், ஜெயித்தால் 30 பவுண்டு" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். பணமாகத் தந்தாலும் பொருளாகத் தந்தாலும், போக்குவரத்தும் வாழ்க்கைச் செலவும் பெரும்பாலும் அதிலேயே ஓடினால் அது சம்பளம். அந்த ஊரில் ஆட நீங்கள் பணம் கட்டுகிறவராக இருக்க வேண்டும், வாங்குகிறவராக அல்ல. சிறுவர் அணிக்குக் கோச்சிங் கொடுக்கக் கூப்பிட்டாலும் அதே விதிதான். கோச் வேலையும் தடைக்குள் வரும்.

விசிட்டர் விசாவில் அமெச்சூர் ஒருவர் அனுபவத்துக்காக ஒரு அமெச்சூர் கிளப்பில் சேர இங்கிலாந்து விதி இடம் தருகிறது. அதிகபட்சம் 6 மாதம். வேலை செய்ய முடியாது, ஆறு மாதச் சாப்பாடும் வாடகையும் உங்கள் சேமிப்பிலிருந்து. அங்கே தங்க வீடு கொடுக்கச் சொந்தக்காரர் இல்லாவிட்டால் இந்த வழி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

3. சீசனைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்

இங்கிலாந்து, அயர்லாந்து: செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து: ஏறக்குறைய மார்ச்–ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை. வளைகுடா: செப்டம்பர் முதல் மார்ச்–ஏப்ரல் வரை, கோடையில் எதுவும் கிடையாது.

சீசனுக்கு முந்தைய பயிற்சி தொடங்கும்போதே அங்கே இருக்கிறவருக்கு அணியில் இடம் கிடைப்பது எளிது. இங்கிலாந்துக்கு ஜூலை, ஆகஸ்ட். மாணவர்கள் செப்டம்பர் கடைசியில்தான் போய்ச் சேர்வார்கள், பரவாயில்லை. பல்கலைக்கழக அணிகளின் போட்டி புதன் மதியம், ஊர் கிளப்பின் போட்டி சனிக்கிழமை. இரண்டிலும் பதிவு செய்துகொள்ளலாமா என்று இரு பக்கமும் கேளுங்கள். பயிற்சி பெரும்பாலும் செவ்வாய், வியாழன் மாலை. ஷிஃப்டில் வேலை செய்யும் நர்ஸ்கள் ரோஸ்டர் போடுவதற்கு முன்பே சனிக்கிழமை விடுப்பைக் கேட்டு வையுங்கள். வாரா வாரம் கிடைக்காது. மாதத்துக்கு இரண்டு சனி கிடைத்தாலே இரண்டாம், மூன்றாம் அணியில் ஒழுங்காக ஆடலாம்.

4. கிளப்புக்கு எழுதுவது

கிளம்ப நான்கைந்து மாதம் இருக்கும்போது எழுதுங்கள். தங்கப்போகும் இடத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்துக்குள் இருக்கும் மூன்று கிளப் போதும். தலைமைக் கோச்சுக்கு எழுதுவதைவிட கிளப் செகரட்டரிக்கும் பதிவு பார்க்கும் ரெஜிஸ்ட்ராருக்கும் எழுதினால் பதில் வரும்.

மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்ட வேண்டாம். வயது, உயரம், எடை, மைதானத்தில் ஆடும் பொசிஷன், எத்தனை ஆண்டு ஆடினீர்கள், அதில் செவன்ஸ் எவ்வளவு, பதினைந்து பேர் ஆட்டம் எவ்வளவு, எந்த விசா, எந்தத் தேதியில் வருகிறீர்கள், கடைசியாக எந்த அணிக்கு ஆடினீர்கள். கூடவே மூன்று நிமிட வீடியோ. பாட்டும் ஸ்லோ மோஷனும் வேண்டாம். டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றுவது) போடும் ஓட்டத்தை மட்டும் வெட்டி ஒட்டாமல் ஒரு டேக்கிள் (பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து வீழ்த்துவது), ஒரு ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் தள்ளுவது), பந்து இல்லாதபோது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரிகிற ஒரு நீளத் துண்டு. கோச் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் ஆட்டத் தரத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். கிளப்பில் நான்கு அணி இருக்கும். முதல் அணிக்குத் தகுதி என்று எழுதிவிட்டு வந்தால் முதல் சனிக்கிழமையே தெரிந்துவிடும். மூன்றாம் அணியில் தொடங்கி மேலே போகிறவரை எல்லாக் கிளப்பும் தூக்கி வைத்துக் கொண்டாடும்.

சந்தா எவ்வளவு, மேட்ச் ஃபீ எவ்வளவு, மாணவர் சலுகை உண்டா, ஜெர்சி தருவார்களா என்று இந்த மின்னஞ்சலிலேயே கேளுங்கள். சந்தாவை மாதத் தவணையில் வாங்கும் கிளப்புகள் நிறைய. தைரியமாகக் கேட்கலாம்.

5. கிளியரன்ஸ்: இது இல்லாமல் மைதானத்தில் இறங்கக் கூடாது

ஒரு நாட்டுச் சங்கத்தின் கீழ் ஆடியவர் இன்னொரு நாட்டில் ஆட, பழைய சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். உலக ரக்பி அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் 4-ஆம் விதி இது, அமெச்சூருக்கும் பொருந்தும். நமக்கு அந்த அனுமதியைத் தருவது இந்திய ரக்பி சங்கமான ரக்பி இந்தியா. இந்த அனுமதியைத்தான் கிளியரன்ஸ் என்கிறோம்.

ஓட்டம் இப்படிப் போகும்: புதிய கிளப்பின் ரெஜிஸ்ட்ரார் உங்கள் விவரத்தை அந்த நாட்டுச் சங்கத்தில் பதிகிறார், அங்கிருந்து ரக்பி இந்தியாவுக்குக் கேள்வி வருகிறது, தடையோ தண்டனையோ பாக்கி இல்லை என்று பதில் போகிறது. நீங்கள் இங்கிருந்தே மாநிலச் சங்கத்துக்கும் ரக்பி இந்தியாவுக்கும் முன்கூட்டி ஒரு மின்னஞ்சல் போட்டு வைத்தால் வேலை வேகமாக நடக்கும். முழுப் பெயர், பிறந்த தேதி, பதிவு எண், கடைசி அணி, கடைசிப் போட்டியின் மாதம், போகும் நாடு, கிளப்பின் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். முதல் போட்டிக்கு ஆறு வாரத்துக்கு முன்பே இது தொடங்கிவிட வேண்டும்.

எங்கே சிக்கும் தெரியுமா? இனிஷியலில். ரக்பி பதிவில் 'முருகன் எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'முருகன் செல்வராஜ்' என்று இருக்கும். கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் வரும். வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார் 'எஸ்' என்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடுவார், ஆள் கிடைக்க மாட்டார், கோப்பு அங்கேயே தூங்கும். ஊரில் இருக்கும்போதே ரக்பி பதிவைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே மாற்றச் சொல்லுங்கள். இந்த ஒரு திருத்தம் பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

கிளியரன்ஸ் வரும்வரை பயிற்சிக்குப் போகலாமா என்று கிளப்பைக் கேட்டுப் போங்கள். போட்டியில் மட்டும் "ஒரு மேட்ச்தானே, இறங்கு" என்றாலும் இறங்காதீர்கள். பதிவில்லாத ஆளை இறக்கினால் கிளப்புக்குப் புள்ளி போகும். உங்களுக்கு இன்சூரன்ஸும் இருக்காது.

6. காகிதங்கள்

பாஸ்போர்ட்டுக்கு வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள சேவை மையத்திலேயே போகலாம். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்காலுக்கு அதன் மேல் 2,000. பத்தாம் வகுப்புச் சான்றைச் சேர்த்துக் கொடுங்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு அப்போதுதான் எமிகிரேஷன் சோதனை முத்திரைத் தொல்லை இருக்காது. போலீஸ் நற்சான்றும் பாஸ்போர்ட் இணையதளம் வழியாகத்தான், 500 ரூபாய்.

இங்கிலாந்தில் 6 மாதத்துக்கு மேல் தங்குகிறவருக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று கட்டாயம். இங்கிலாந்து அரசு அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும். வேறு எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயும் செல்லாது. வேலூர்க்காரர்களுக்குச் சென்னைதான் தோது. சான்று 6 மாதம் செல்லும். சான்று கைக்கு வந்த பிறகுதான் விசா விண்ணப்பம், அதன் பிறகுதான் கைரேகை கொடுக்கும் தேதி. ஆகையால் காட்பாடியிலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை என்று கணக்கு வையுங்கள்.

பழைய காயங்களின் காகிதங்களையும் எடுத்துப் போங்கள். தோள் நழுவியது, முழங்கால் ஸ்கேன், தலையில் அடிபட்டது எல்லாவற்றுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். அங்கே ஸ்கேனுக்குக் காத்திருக்கும் காலம் நீளம். பழைய படம் கையில் இருந்தால் பிசியோ உடனே வேலையைத் தொடங்க முடியும். டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி ஊசிகளை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்.

7. இன்சூரன்ஸ்

சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பாலிசியில் ரக்பி பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். ஏஜெண்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பார். கம்பெனிக்கு மின்னஞ்சலில் ஒரே கேள்வி கேளுங்கள்: அமெச்சூர் ரக்பி கிளப் போட்டியிலும் பயிற்சியிலும் ஏற்படும் காயம் இதில் சேருமா? பதிலை அச்செடுத்து பாலிசியோடு வையுங்கள்.

நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. நியூசிலாந்தில் விபத்துக் காயத்துக்கு ஏசிசி என்ற அரசுத் திட்டம் வருகிறவர் போகிறவருக்கும் உண்டு. இங்கிலாந்தில் மருத்துவக் கட்டணம் கட்டியவருக்கு அரசு ஆஸ்பத்திரி. அந்த நாட்டு ரக்பி சங்கத்தின் இன்சூரன்ஸ் வாழ்நாள் ஊனம் போன்ற பெருங்காயத்துக்கானது. விரல் ஒடிந்து இரண்டு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் அந்தச் சம்பளம் அதில் வராது. ஆஸ்திரேலியாவில் மாணவர்களுக்கான கட்டாய மருத்துவக் காப்பில் பிசியோவும் பல் வைத்தியமும் பொதுவாகச் சேராது, ரக்பியில் அதிகம் தேவைப்படுவது அவைதான்.

8. பூட், மவுத்கார்டு

நம் நேதாஜி விளையாட்டரங்கத்தின் காய்ந்த தரையில் ஓடின ரப்பர் ஸ்டட் (பூட்டின் அடிக்குமிழ்) பூட் வளைகுடாவுக்கும் செயற்கைப் புல்லுக்கும் போதும். இங்கிலாந்தின் நவம்பர் சேற்றில் அது வழுக்கும், ஸ்க்ரமில் (இரு அணியும் குனிந்து பிணைந்து தள்ளுவது) நிற்கவே முடியாது. திருகி மாற்றும் எட்டு ஸ்டட் பூட் தேவை. ஸ்டட் நீளம் 21 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, முன்விரல் நுனியில் ஒற்றை ஸ்டட் கூடாது, விளிம்பு கூராக இருக்கக் கூடாது. போட்டிக்கு முன் ரெஃப்ரி தடவிப் பார்ப்பார். இந்தப் பூட்டை அங்கே போய் வாங்குங்கள், கிளப்பில் பாதி விலைக்குப் பழையது கிடைக்கும்.

பல்லைக் காக்கும் உறையான மவுத்கார்டை இங்கேயே செய்துகொண்டு போங்கள். வெந்நீரில் போட்டுக் கடிப்பது கடையில் சில நூறு ரூபாய். பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்வது சில ஆயிரம். இரண்டாவதே நல்லது, அது வாயில் இருக்கும்போது பேசவும் மூச்சு விடவும் முடியும். ஞானப்பல் எடுக்க வேண்டியிருந்தால் எடுத்த பிறகு அச்சுக் கொடுங்கள்.

9. ஆட்டத்தில் மாற்ற வேண்டியவை

இங்கே நாம் பெரும்பாலும் செவன்ஸ் ஆடுகிறோம், 14 நிமிடம். அங்கே 80 நிமிடம், பதினைந்து பேர். செவன்ஸ்காரருக்கு விங், சென்டர், ஃபிளாங்கர் இடங்கள் பொருந்தும். ஆள் குறைந்தால் "கொஞ்சம் கனமாக இருக்கிறாய், புராப் நில்" என்பார்கள். புராப் நிற்பது ஸ்க்ரமின் முன்வரிசையில். அதற்குப் பயிற்சி இல்லாதவர் அங்கே நிற்கவே கூடாது. கழுத்து போகும். "எனக்கு முன்வரிசைப் பயிற்சி இல்லை" என்று ரெஃப்ரியிடமே சொல்லலாம். ஆட்டம் தள்ளுமுள்ளு இல்லாத ஸ்க்ரமுடன் நடக்கும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டேக்கிள் உயரம் பெரிய மாற்றம். 2023 முதல் இங்கிலாந்தின் கிளப் ஆட்டத்தில் மார்பெலும்பின் அடி நுனிக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். டிவியில் பார்ப்பது தோள் உயர விதி. அதை நம்பிப் போனால் முதல் போட்டியிலேயே பெனால்டி மேல் பெனால்டி. பிரான்ஸ், நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவிலும் கிளப் மட்டத்தில் உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

கபடியிலிருந்து ரக்பிக்கு வந்தவர்களுக்குக் கீழே குனிந்து தொடையைப் பிடிப்பது கைவந்த கலை, அது பெரிய லாபம். ஆனால் தலை எங்கே போகிறது என்று பாருங்கள். எதிராளி ஓடி வரும் திசைக்குக் குறுக்கே முன்னால் தலையை வைத்தால் அவர் முழங்காலோ இடுப்போ நெற்றியில் வந்து மோதும். தோள் தொடையில், கன்னம் அவருடைய பின்பக்கத்தில் ஒட்டி, இரு கையும் சுற்றிக் கட்டி. காலைக் கொடுத்துத் தட்டி விழவைப்பது ரக்பியில் தப்பாட்டம். கிளம்பும்முன் இரண்டு மாதம் ஒரு நண்பரை நடக்கவிட்டு, பிறகு மெதுவாக ஓடவிட்டு, இடது தோளுக்கும் வலது தோளுக்கும் சமமாகப் பழகுங்கள்.

வேர்ல்ட் ரக்பியின் இணையதளத்தில் ஆட்ட விதிகள், ரக்பி ரெடி (பாதுகாப்பாக ஆடத் தயாராவது), தலைக்காயம் பற்றிய பாடங்கள் இலவசம். முடித்தால் சான்றிதழ் வரும். மூன்றையும் முடித்து கிளப்புக்கு அனுப்புங்கள். தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம், கண் மங்கல் என்று சந்தேகம் வந்தாலே அமெச்சூர் ஆட்டத்தில் அன்றைக்கு வெளியே, திரும்ப இறங்க முடியாது. இங்கிலாந்தில் மறுபடி போட்டி ஆடக் குறைந்தது 21 நாள். "ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லித் தப்பிப்பது வீரம் இல்லை. இரண்டாவது அடி உயிரையே எடுக்கும்.

10. போய்ச் சேர்ந்த முதல் வாரங்கள்

முதல் பயிற்சிக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போய் ரெஜிஸ்ட்ராரைப் பாருங்கள். பாஸ்போர்ட், விசா நகல், புகைப்படம் கொடுத்துப் பதிவை முடியுங்கள். ஆஸ்திரேலியாவில் ரக்பி எக்ஸ்ப்ளோரர் என்ற பதிவுச் செயலி வழியாக நீங்களே பதிந்து பணம் கட்ட வேண்டும்.

போட்டி முடிந்ததும் இரண்டு அணியும் கிளப்பில் சேர்ந்து சாப்பிடும். அதற்கு நில்லுங்கள், அணி உங்களைத் தெரிந்துகொள்வது அங்கேதான். குடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஜூஸ் போதும். சைவமோ ஹலாலோ வேண்டுமென்றால் வியாழக்கிழமைப் பயிற்சியிலேயே சமையல் பார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை சொன்னால் உருளைக்கிழங்குதான் மிஞ்சும்.

அவசரத் தொடர்புப் படிவத்தில் இரண்டு எண் எழுதுங்கள். ஒன்று அதே ஊரில் இருக்கும் அறைத் தோழர் அல்லது உடன் வேலை செய்பவர். இன்னொன்று வேலூர் வீட்டில் ஆங்கிலம் ஓரளவு பேசக்கூடியவர் ஒருவர். குளிர்காலத்தில் இங்கிலாந்தின் மதியம் 3 மணிப் போட்டி நமக்கு இரவு 8.30, அந்த நேரத்தில் போனை எடுக்கிறவராக இருக்க வேண்டும். உங்கள் பாஸ்போர்ட் நகல், இன்சூரன்ஸ் எண், இரத்த வகை, ஒவ்வாத மருந்து விவரங்களை அவர் போனில் அனுப்பி வைத்துவிட்டு முதல் போட்டிக்குப் போங்கள்.